மலையேறும் பழைய கார்களைப் பார்க்க எங்கே போவது, எப்படிப் பார்ப்பது?

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜூலையில் மகன் குடும்பத்தோடு தங்க பர்மிங்காம் வருகிறேன். பழைய கார்களும் ஸ்போர்ட்ஸ் கார்களும் மலைப்பாதையில் ஏறும் பந்தயம் ஒன்றை நேரில் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. யாரைக் கேட்டாலும் குட்வுட் என்கிறார்கள். அங்கேயே போகலாமா? ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார்தான் ஓடுமாமே, அதில் பார்க்க என்ன இருக்கிறது? மகனுக்கும் ஓட்டிப் பார்க்க ஆசை வந்தால் வழி உண்டா?"

குட்வுட்டை விட்டுவிட்டு ஷெல்ஸ்லி வால்ஷுக்குப் போங்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அதற்குள்ளேயே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

குட்வுட் மோசமான விழா அல்ல. வெஸ்ட் சசெக்ஸில் ஒரு பிரபுவின் மாளிகைத் தோட்டத்துக்குள் 1993இல் தொடங்கியது. பாதை 1.16 மைல். 1999இல் நிக் ஹைட்ஃபெல்ட் ஒரு மெக்லாரன் ஃபார்முலா ஒன் காரில் 41.6 வினாடியில் ஏறியதும், 2022இல் மேக்ஸ் சில்டன் மெக்மர்ட்ரி ஸ்பியர்லிங் என்ற மின்சாரக் காரில் அதை 39.08 வினாடியாகக் குறைத்ததும் அங்கேதான். ஆனால் அங்கே ஏறும் கார்களில் பெரும்பாலானவை போட்டிக்கு வருவதில்லை, தரிசனம் தர வருகின்றன. கார் நிறுவனங்களின் கண்ணாடி அரங்குகள், திரும்பிய பக்கமெல்லாம் விளம்பரம், காரை எட்டிப் பார்க்கக்கூட முந்தியடிக்க வேண்டிய கூட்டம். பர்மிங்காமிலிருந்து போய் வருவதற்குள் நாள் முடிந்துவிடும். பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்கலாம். மலையேற்றம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு அது இடமல்ல.

ஷெல்ஸ்லி வால்ஷ், வூஸ்டர் நகரத்துக்கு வடமேற்கே, டீம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் சிற்றூர். பர்மிங்காமிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பீருக்கான ஹாப்ஸ் கொடிகளும் ஆப்பிள் தோட்டங்களும் நிறைந்த பகுதி. அங்கே ஒரு பண்ணைக்குப் பின்னாலிருக்கும் சரிவில், மிட்லண்ட் ஆட்டோமொபைல் கிளப் என்ற சங்கம் 1905 ஆகஸ்டில் முதல் போட்டியை நடத்தியது. உலகப் போர்க் காலங்களை விட்டுவிட்டால் இன்றுவரை அதே பாதையில் நடந்துகொண்டிருக்கிறது. தொடங்கிய பாதையிலேயே இன்றும் ஓடும் மோட்டார் பந்தயக் களங்களில் உலகிலேயே மிகப் பழையது இது என்பது அவர்களுடைய பெருமை. 1905இல் அதிவேகமாக ஏறியது எர்னஸ்ட் இன்ஸ்டோன் ஓட்டிய 35 குதிரைத்திறன் டைம்லர். எடுத்துக்கொண்ட நேரம் 77.6 வினாடி. சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர்தான். 1907இல் பாதையைச் சற்றே நீட்டிச் சரியாக ஆயிரம் கெஜமாக்கினார்கள், அதாவது 914 மீட்டர். அந்த நீளம் அதன்பின் மாறவேயில்லை. 1923இன் காரையும் 2023இன் காரையும் ஒரே அளவுகோலால் அளக்க முடிகிற இடங்கள் உலகில் அதிகமில்லை.

எதற்காக மலை? அன்று கார் வாங்க வருபவர் கேட்ட முதல் கேள்வியே "மேடு ஏறுமா?" என்பதுதான். எஞ்சின்கள் பலவீனமானவை, சமதளத்தில் ஜம்பமாக ஓடிய கார் பாதி மேட்டில் மூச்சு நின்று பின்னால் உருளும். அதனால் மலை என்பது தரச்சான்று வழங்கும் இடமாக இருந்தது. ஜோசப் ஹிக்கின்சன் என்ற பந்தயப் பிரியர், மலைப் போட்டிகளில் ஜெயிக்கத் தமக்கொரு கார் வேண்டும் என்று வாக்ஸ்ஹால் நிறுவனத்திடம் கேட்க, அதன் பொறியாளர் லாரன்ஸ் பொமராய் வடிவமைத்துக் கொடுத்ததுதான் பிற்பாடு பெரும்புகழ் பெற்ற வாக்ஸ்ஹால் 30-98. 1913இல் ஹிக்கின்சன் அதில் 55.2 வினாடியில் ஏறினார். இடையில் முதல் உலகப் போர் வந்து போட்டிகள் நின்றதால், அந்தச் சாதனையை முறியடிக்க 1921வரை ஆள் இல்லை.

அந்தக் காலத்தில் பொதுச் சாலைகளிலும் இப்படி ஏறினார்கள். 1925இல் பக்கிங்ஹாம்ஷையரின் கோப் ஹில்லில் ஒரு கார் பாதை விலகிப் பார்வையாளர் ஒருவரின் காலை முறித்தது. அத்தோடு பொதுச் சாலைகளில் வேகப் போட்டி நடத்த இங்கிலாந்தில் அனுமதி தருவது நின்றுபோனது. இத்தாலியிலும் பிரான்சிலும் பல கிலோமீட்டர் நீள மலைச்சாலையை அடைத்துக்கொண்டு பந்தயம் விடுவார்கள். இங்கிலாந்தில் மட்டும் பிரபுக்களின் எஸ்டேட் பாதைகளிலும் பண்ணைச் சரிவுகளிலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துபோகும் குட்டிப் போட்டிகளாக இந்த விளையாட்டு சுருங்கியதற்கு அந்த ஒரு முறிந்த கால் பெரிய காரணம். சுருங்கியதே அதற்கு நல்லதாகவும் போயிற்று என்பேன். தவறைத் திருத்திக்கொள்ள அவகாசமே இல்லாத ஆட்டமாக அது மாறிவிட்டது.

நீங்கள் கோவைக்காரர். கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்த்திருப்பீர்கள். வயதைப் பொறுத்துச் சோழவரம் விமான ஓடுதளப் பந்தயங்களும் நினைவிருக்கலாம். அங்கே ஒரு வளைவில் கோட்டைவிட்டால் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம், முன்னால் போகிறவர் தடுமாறுவார் என்று காத்திருக்கலாம். மலையில் யாரும் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. காலையில் இரண்டு பயிற்சி ஓட்டம், பிற்பகலில் கணக்கில் சேரும் ஓட்டம் இரண்டு, அவ்வளவுதான் வழக்கம். நாள் முழுக்கச் சேர்த்தாலும் ஓட்டுநர் காரை உண்மையாக விரட்டுவது சில நிமிடங்கள்கூட இராது. அதற்காக விடியற்காலையில் எழுந்து, காரை டிரெய்லரில் ஏற்றி, நூறு இருநூறு கிலோமீட்டர் இழுத்து வருகிறார்கள். இது அறிவுள்ளவர் செய்கிற காரியமா என்று என் மனைவி கேட்பதுண்டு. என்னிடம் பதில் இல்லை.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றீர்கள். முதலில் தொடக்கக் கோட்டருகே நில்லுங்கள். முதல் தடவை வருபவர்கள் எல்லோரும் நேராக வளைவுகளுக்கு ஓடிவிடுவார்கள். இந்தப் போட்டியின் நுட்பம் பாதிக்கு மேல் கீழே இருக்கிறது. கோடே சரிவில்தான் போடப்பட்டிருக்கும். பிரேக்கை விட்டால் கார் பின்னால் உருண்டுவிடும் என்பதால் மார்ஷல் எனப்படும் களப் பணியாளர் ஒருவர் நீண்ட கைப்பிடி வைத்த ஆப்பு ஒன்றைப் பின்சக்கரத்துக்கு அடியில் செருகுவார். நம் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே கவனம், அதே வேகம். பச்சை விளக்கு எரிந்ததும் கார் பாயாது. விளக்கு சொல்வது "பாதை காலியாக இருக்கிறது, உமக்கு விருப்பமானபோது போம்" என்பதை மட்டும். கார் நகர்ந்து ஒளிக்கற்றையை வெட்டும் நொடியில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். சக்கரங்கள் வெளியே தெரியும் பந்தயக் கார்களின் மூக்கில் செங்குத்தாக ஒரு சிறு கறுப்புத் தகடு இருப்பதைப் பார்ப்பீர்கள். ஒளிக்கற்றையைப் பிசகில்லாமல் வெட்டுவதற்காக வைத்தது. ஆகவே பச்சை விழுந்தபின் ஓட்டுநர் இரண்டு மூன்று வினாடி அசையாமல் இருந்தால் தூங்குகிறார் என்று நினைக்காதீர்கள். எஞ்சினைச் சரியான சுற்றுக்குக் கொண்டுவந்து, கிளட்ச்சை எந்தக் கணத்தில் விடுவது என்று காத்திருக்கிறார். அதிகம் விட்டால் டயர் சுழன்று புகை மட்டும் கிளம்பும். குறைவாக விட்டால் எஞ்சின் அமுங்கிப்போகும். முதல் 64 அடி தூரத்துக்குத் தனியே நேரம் எடுத்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அந்த எண்ணைக் கவனியுங்கள். ஒருவர் தொடக்கத்தில் இழக்கும் பத்தில் இரண்டு பங்கு வினாடியை மேலே எந்த வளைவிலும் மீட்பது அநேகமாக நடக்காது.

கோட்டிலிருந்து பாதை முதலில் ஏறக்குறைய நேராகக் கிளம்பும். கென்னல், கிராசிங் என்று இரண்டு வளைவுகள். பிறகு மண்மேட்டை ஒட்டி எழும் வேகமான ஏற்றம். அதன் முடிவில் எஸ் வடிவ இரட்டை வளைவு: முதலில் இடம், உடனே வலம். அதைத் தாண்டினால் முடிவுக்கோடுவரை நேர்பாதை. மொத்த உயர்வு 328 அடி, அதாவது நூறு மீட்டர். மிகச் செங்குத்தான இடத்தில் ஆறேகால் அடி முன்னேறினால் ஓரடி உயர்கிறோம். பாதையின் அகலம் சில இடங்களில் பன்னிரண்டு அடிதான். நம் கிராமத்துத் தார்ச்சாலை அளவு. இந்தப் பாதையில்தான் 2008இல் மார்ட்டின் குரோவ்ஸ் கூல்ட் என்ற பந்தயக் காரில் 22.58 வினாடியில் ஏறினார். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, அந்த இரட்டை வளைவையும் சேர்த்து, சராசரி மணிக்கு 145 கிலோமீட்டர். சுமார் 500 கிலோ எடைக்கு 600 குதிரைத்திறன் அளவில் சக்தி கொண்ட இந்த நவீனக் கார்கள் எஸ் வளைவில் நுழைவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு நம்பிக்கை வராது. கோடைக்கால பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் சுற்றுகளில் இவை வரும். வேகமான பன்னிரண்டு பேரைத் தனியாகப் பிரித்து மீண்டும் ஏறவிட்டுப் புள்ளி கொடுப்பார்கள்.

ஆனால் நீங்கள் கேட்டது பழைய கார்கள். அதற்கென்றே விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஷெல்ஸ்லியில் நடத்தும் நாள் வழக்கமாக ஜூலைத் தொடக்கத்தில் வரும். ஜூலையிலேயே பழைய கார்களும் பிற்கால ஸ்போர்ட்ஸ் கார்களும் கலந்து வரும் "கிளாசிக் நாஸ்டால்ஜியா" என்ற வார இறுதியும் உண்டு. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும் என்பதால் டிக்கெட் எடுக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் விண்டேஜ் கிளப்பின் நாளுக்குப் போவேன். 1930 முடிவுக்குள் செய்த கார்தான் அவர்கள் கணக்கில் விண்டேஜ். அதற்குப் பிந்திய முப்பதுகளின் கார்களில் பொறுக்கி எடுத்தவற்றையும் சேர்த்துக்கொள்வார்கள். கோடிக்கணக்கில் விலைபோகும் பொருள்களைக் கல்லடிக்கும் பாதையில் ஈவிரக்கமில்லாமல் விரட்டுகிற மனிதர்களை அங்கே பார்க்கலாம். பூட்டிவைத்த கண்ணாடிக் கூண்டுக்குள் பளபளக்கும் புகாட்டியைவிட, சேறு தெறித்த புகாட்டிக்கு என் மனதில் மரியாதை அதிகம்.

எதைத் தேடிப் பார்ப்பது? முதலில் ஜிஎன், ஃபிரேசர் நாஷ் கார்கள். இவற்றில் கியர்பெட்டியே கிடையாது. ஒவ்வொரு கியருக்கும் தனித்தனியாகச் சைக்கிள்போல ஒரு சங்கிலி, பின் அச்சின்மேல் வெளிப்படையாக ஓடும். பின் அச்சில் டிஃபரன்ஷியலும் இல்லை. அதனால் இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். வளைவில் கார் திரும்ப வேண்டுமானால் பின்பக்கம் வழுக்கித்தான் ஆக வேண்டும். எஸ் வளைவில் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்தக் கார் அப்படித்தான் திரும்பும். பாசில் டேவன்போர்ட் என்பவர் இருபதுகளில் இப்படியொரு ஜிஎன் காரை உருமாற்றி "ஸ்பைடர்" என்று பெயரிட்டு, பெரிய தொழிற்சாலைகளின் கார்களை ஆண்டுக்கணக்கில் இங்கே தோற்கடித்தார். கொட்டகையில் செய்த கார்களுக்கு "ஷெல்ஸ்லி ஸ்பெஷல்" என்ற பட்டமே உருவாயிற்று. ஜான் போல்ஸ்டரின் "பிளடி மேரி" அந்த வம்சம்தான்: மோட்டார் சைக்கிள் எஞ்சின் இரண்டை ஒரே சட்டத்தில் பூட்டியது. ஏழைகள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. ஆனால் பணத்தை மூளையால் வெல்ல முடியும் என்பதற்கு இந்த ஆயிரம் கெஜம் இடம் கொடுத்தது.

அடுத்தது ஈஆர்ஏ. 1933இல் லிங்கன்ஷையரின் போர்ன் என்ற ஊரில் பந்தய ஓட்டுநர் ரேமண்ட் மேஸ் கூட்டாளிகளோடு தொடங்கிய நிறுவனம். ஒன்றரை லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின், அதற்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர். ஷெல்ஸ்லியில் நாற்பது வினாடிக்குக் கீழே முதலில் இறங்கியவர் மேஸ். 1939இல் ஆர்4டி என்ற ஈஆர்ஏயில், பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர் மாட்டிக்கொண்டு 37.37 வினாடி. போருக்குப் பின் 1947இல் தொடங்கிய பிரிட்டிஷ் மலையேற்றச் சாம்பியன்ஷிப்பின் முதல் இரண்டு பட்டங்களும் அவருக்கே. ஈஆர்ஏக்கள் இன்றும் ஏறுகின்றன. தொண்ணூறு வயதை நெருங்கிய கார்கள் மேஸின் நேரங்களைச் சர்வசாதாரணமாக முந்துகின்றன. டயரும் தார்ப்பரப்பும் மாறிவிட்டன என்பது உண்மையே. பேடக் என்கிற தயாரிப்பு முற்றத்தில் ஓர் ஈஆர்ஏயைச் சூடேற்றும்போது பின்னால் போய் நின்று முகர்ந்து பாருங்கள். மெத்தனால் எரிபொருள் கண்ணைக் கரிக்கும். அதற்கூடே ஒரு பழகிய வாடை வரும். நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். ஆமணக்கு எண்ணெய் கடுஞ்சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டி நிற்பதால் பழைய பந்தய எஞ்சின்களுக்கு அதுவே மசகு.

மழை பெய்தால்? இங்கிலாந்தில் இது "ஒருவேளை" போட்டுக் கேட்கும் கேள்வியல்ல. 1936இல் ஜெர்மனியின் ஹான்ஸ் ஸ்டுக், பதினாறு சிலிண்டர் ஆட்டோ யூனியன் காரை ஷெல்ஸ்லிக்குக் கொண்டுவந்தார். ஐரோப்பாவின் மலைகளில் அவரே ராஜா. 1930இல் இதே ஷெல்ஸ்லியில் ஆஸ்ட்ரோ டைம்லரில் 42.8 வினாடியில் ஏறிச் சாதனை படைத்தவர். மழை பிடித்துக்கொண்டது. அத்தனை சக்தியைக் கிராமத்துப் பாதையில் இறக்க வழியில்லாமல் சக்கரங்கள் வெறுமனே சுழன்றன, 48.8 வினாடி. ஆறு ஆண்டுக்கு முந்திய தம் நேரத்தையே தொட முடியவில்லை. ஈரமான நாளில் ஷெல்ஸ்லி சுவாரசியம் குறைவது இல்லை, கூடுகிறது. பெரிய எஞ்சின்காரர்கள் தவிக்க, சின்னஞ்சிறு ஆஸ்டின் செவன் ஒன்று சத்தம் போடாமல் நல்ல நேரம் வைத்துவிட்டுப் போகும். மழைக்கோட்டும் நல்ல பிடிப்புள்ள காலணியும் கொண்டு போங்கள். பார்வையாளர் நடைபாதை மலையோடு சேர்ந்து ஏறுகிறது, புல் நனைந்தால் செருப்பு தாங்காது. முழங்கால் வலி இருந்தால் எஸ் வளைவுக்கு ஒரே ஒருமுறை ஏறுவதுபோல் திட்டமிடுங்கள்.

என் யோசனை இது. ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். வாசலில் கையேடு வாங்குங்கள், காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். எந்தக் கார், எந்த ஆண்டு, எத்தனை சிசி, எந்தப் பிரிவு, அந்தப் பிரிவின் சாதனை நேரம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். பேனா எடுத்து ஒவ்வொருவரின் நேரத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள். பத்துக் கார்கள் போவதற்குள் உங்களையறியாமல் யாரோ ஒருவர் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள். பயிற்சி ஓட்டம் நடக்கும்போது பேடக்கில் சுற்றுங்கள். கூரை போட்ட பழைய கொட்டகைகளில் வரிசையாகக் கார்கள் நிற்கும். கயிறோ காவலாளோ இல்லை. தொடக்கூடாது, காரின்மேல் சாயக்கூடாது, எஞ்சினுக்குள் தலையை விட்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கக்கூடாது. மற்றபடி தாராளமாகக் கேட்கலாம். எட்டு சிலிண்டர் புகாட்டியின் பெரியவர் ஒருவரிடம் வால்வு பற்றி ஒரு கேள்வி கேட்டீர்கள் என்றால் அரை மணி நேரம் போய்விடும். கோவைப் பட்டறைகளை அறிந்தவர் என்றால் இன்னும் அரை மணி நேரம். மதியத்துக்குப் பின் எஸ் வளைவின் மேட்டுக்கு ஏறுங்கள்.

இடையில் காத்திருப்புகள் வரும். யாராவது எண்ணெய் சிந்தினால் சிமெண்டுத் தூள் தூவித் துடைத்துப் பெருக்கும்வரை எல்லாம் நிற்கும். மேலே ஏறிய கார்கள் அதே பாதையில் கும்பலாக இறங்கிவரும். ஓட்டுநர்கள் கையசைப்பார்கள், மக்கள் கைதட்டுவார்கள். குழந்தைகளுக்குக் காதடைப்பான் அவசியம். சைவம் என்றால் சாப்பாட்டுக் கடைகளில் உருளைக்கிழங்கு வறுவலும் கேக்கும்தான் நிச்சயம். புளியோதரை கட்டிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். ரயிலில் போவதானால் வூஸ்டரில் இறங்கி டாக்சிதான் பிடிக்க வேண்டும். திரும்பி வரவும் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், கிராமத்தில் மாலையில் வண்டி கிடைக்காது.

ஜூலைத் தேதிகள் ஒத்துவராமல் ஆகஸ்டுவரை இருப்பீர்கள் என்றால் செல்ட்டனம் அருகே பிரெஸ்காட். புகாட்டி உரிமையாளர் சங்கம் 1938 முதல் நடத்திவரும் மலை. 1960இல் நீட்டிய பாதை 1,127 கெஜம். அழகில் ஷெல்ஸ்லியை மிஞ்சும், பார்டன் என்ற கொண்டையூசி வளைவை மிக அருகிலிருந்து பார்க்கலாம், வளாகத்திலேயே புகாட்டி அருங்காட்சியகமும் இருக்கிறது. பிற்பாடு உலகப் புகழ் பெற்ற பந்தய வீரர் ஸ்டிர்லிங் மோஸ் 1948இல், பதினெட்டு வயதில், ஒரு குட்டிக் கூப்பர் காரோடு வந்து நின்ற இடம். செப்டம்பர் என்றால் நான் மேலே சொன்ன கோப் ஹில். 2009இல் மறுபடி தொடங்கினார்கள், ஆனால் நேரம் எடுப்பதில்லை, அறப்பணிக்கு நிதி திரட்டும் திருவிழா. கடிகாரம் இல்லாத மலையேற்றம் எனக்கு உப்பில்லாத சோறு. நம் பக்கத்திலேயே ஒன்று வேண்டுமானால் இலங்கையில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை இருக்கிறது. தேயிலைத் தோட்டப் பாதையில் 1934இல் தொடங்கியது, ஆங்கிலேயத் துரைமார் விட்டுப்போன பழக்கங்களில் ஒன்று.

மகனின் ஆசைக்கு வருகிறேன். வழி உண்டு, அதுவும் மோட்டார் பந்தயங்களில் மலிவான வழிகளில் ஒன்று. மோட்டார்ஸ்போர்ட் யுகே வழங்கும் உரிமம், ஒரு சங்கத்தின் உறுப்பினர் அட்டை, அங்கீகரிக்கப்பட்ட ஹெல்மெட், தீப்பிடிக்காத உடுப்பு, இவை இருந்தால் அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டிப்போகும் காரையே சாலைக் கார் பிரிவில் பதிவு செய்யலாம். அதற்குமுன் பிரெஸ்காட்டில் புகாட்டி சங்கம் நடத்தும் ஓட்டுநர் பள்ளியில் ஒருநாள் சேரச் சொல்லுங்கள்; சொந்தக் காரையே கொண்டு போகலாம், அனுபவசாலி ஒருவர் ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக் கொடுப்பார். காப்பீட்டை மட்டும் முன்கூட்டிப் பேசிக்கொள்ள வேண்டும். சாதாரணக் கார் காப்பீடு வேகப் போட்டிகளை ஏற்பதில்லை. இடித்தால் செலவு முழுக்க மகனுடையது. மருமகளிடம் இதை யார் சொல்வது என்பதை நீங்கள் இருவரும் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.